முதுமலை: ஒரு சின்னக் காட்டின் மேல் விழுந்த கோடுகள்

போன வருஷம் கூடலூரில் இருந்து ஒரு வீடியோ வந்தது. எங்க பாட்டியோட தங்கச்சி குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது. இப்போது அவங்க பேரப்பிள்ளைகள் அங்கே தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்காங்க. வீடியோவில் ஒரு லயம். ஹட்டன் பக்கம் எடுத்தது என்று சொன்னால் நம்பிவிடலாம், அதே தகரக் கூரை, அதே வாசல், அதே கோடிப்புறம். அந்தக் கோடிப்புறத்தில் ஒரு கொம்பன் யானை நின்று வாழை மரத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

அம்மா போனில் பதறிப்போய்க் கேட்டாங்க, "யானை எப்படிடா லயத்துக்குள்ள வருது?"

அந்தப் பக்கம் இருந்து மாமா நிதானமாகச் சொன்னார்: "அது வழியில அது போகுதுக்கா. நாமதான் நடுவுல குந்தியிருக்கோம்."

யார் வழியில் யார் குந்தியிருக்கிறார்கள், முதலில் யார் குந்தவைத்தது என்று தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை. கூடலூருக்குக் கிழக்கே தொடங்கும் முதுமலைக் காட்டின் கதை இது. புலிகள் காப்பகம் என்ற பெயரில் சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்கர் வாங்கிய 'த எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படமும் இந்தக் காட்டில் எடுத்ததுதான்.

எவ்வளவு சின்னக் காடு?

முதுமலையின் மையப்பகுதி 321 சதுர கிலோமீட்டர். எங்க உடவளவ தேசியப் பூங்கா 308 சதுர கிலோமீட்டர். ஆக, உடவளவயை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வில்பத்துவுக்குள் நாலு முதுமலையைப் போடலாம். 2010இல் சுற்றிலும் ஒரு தாங்கல் வலயத்தைச் சேர்த்த பிறகும் மொத்தம் 688 சதுர கிலோமீட்டர் அளவில்தான் நிற்கிறது.

ஆனால் 2022ஆம் ஆண்டின் இந்தியப் புலிக் கணக்கெடுப்பு இந்தக் காப்பகத்துக்குள் 114 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டது. இந்தியா முழுவதற்குமான மதிப்பீடு 3,682. இந்தச் சின்ன இடத்துக்குள் இத்தனை புலி எப்படி?

வரைபடத்தை விரித்தால் பதில் கிடைக்கும். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், அதற்கு அப்பால் நாகரஹொளே. மேற்கே கேரளத்தின் வயநாடு. கிழக்கே சத்தியமங்கலம், அதிலிருந்து பிலிகிரிரங்கன் மலை. மூன்று மாநிலக் காடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. உலகத்திலேயே அதிகமான புலிகள் தொடர்ச்சியாக வாழும் காட்டுப்பரப்பு இதுதான் என்கிறார்கள். ஆசிய யானைகளின் மிகப்பெரிய கூட்டமும் இங்கேதான். முதுமலை இந்தப் பெரிய வீட்டின் நடு அறை. புலிக்கும் யானைக்கும் மாநில எல்லை தெரியாது. ஒரு அறையை மூடினால் வீடே இரண்டாகும்.

மழை எழுதிய நிலம்

நீலகிரி மலையின் மேல்தளம் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஊட்டியில் இருந்து கல்லட்டிப் பாதை வழியாக இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஹப்புத்தளையில் இருந்து வெல்லவாய பக்கம் இறங்கியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும்: மேலே பனியும் தேயிலையும், ஒரு மணி நேரத்தில் கீழே வெக்கையும் முட்புதரும். அப்படி இறங்கிவரும் அடிவாரத் தளம்தான் முதுமலை. கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 850 முதல் 1,250 மீட்டர் உயரம்.

தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்தால் நுழைகிறது. மேற்கு ஓரத்தில் வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு, கிழக்கே போகப்போக வற்றிப்போகிறது. கிழக்கு ஓரத்தில் அதில் பாதிதான். இடையில் சில பத்து கிலோமீட்டர் தூரம்தான். அதனால் பெண்ணை பக்கம் தேக்கும் மூங்கிலும் அடர்ந்த ஈரக்காடு. நடுவில் இலையுதிர்க்காடு. மசினகுடி தாண்டி சீகூர் போனால் முட்காடு. எங்க நாட்டின் ஈரவலயத்தையும் உலர்வலயத்தையும் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடுக்கி வைத்தமாதிரி.

மிருகங்களும் அந்த அடுக்குக்கு ஏற்றபடிதான். ஈரப்பக்கத்தில் மலை அணிலும் காட்டெருமையும். நடுவில் புள்ளிமான், மரை (அங்கே அதைக் கடமான் என்பார்கள்), கூட்டமாக வேட்டையாடும் செந்நாய். கிழக்கே முட்காட்டில் கழுதைப்புலி. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வெளிகளில் வெளிமான். யானை மட்டும் எல்லா அறைக்கும் சொந்தக்காரர். கோடையில் ஒரு பக்கம், மழைக்கு இன்னொரு பக்கம் என்று வருஷம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். புலி மானுக்குப் பின்னால் போகிறது. மான் புல்லுக்குப் பின்னால் போகிறது. புல் மழைக்குப் பின்னால்.

நிலத்தின் முதுகெலும்பு மாயாறு. முக்குருத்திப் பக்கம் பைக்காரா ஆறாகப் பிறந்து, மேல்தளத்தில் இருந்து விழுந்து, தெப்பக்காட்டில் மாயாறாகித் திரும்பிக் கிழக்கே ஓடுகிறது. பிறகு ஒரு பெரும் பிளவுக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளம், 260 மீட்டர் வரை ஆழம். வெள்ளைக்காரன் அதை மைசூர்ப் பள்ளம் என்று குறித்து வைத்தான். அந்தப் பள்ளத்தை யானை தாண்ட முடியாது. தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு, அதிலும் ஏற முடியாது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மேடைதான் சீகூர்ப் பீடபூமி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையில் யானைகளுக்கு இருக்கும் முக்கியமான வாசல் அது. மாமா சொன்ன "வழி" என்பது கற்பனை இல்லை. நிலமே போட்டுக்கொடுத்த வழி.

முதல் கோடு: மரம்

இந்தக் காட்டை 'வெறும் காடு' என்று நினைத்தால் தப்பு. பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், இருளர் என்று பல பழங்குடிகள் இங்கே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பள்ளமான சதுப்புகளில் மவுண்டாடன் செட்டிகள் நெல் விதைத்தார்கள். பணியர்கள் பல தலைமுறைகளாக நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகளாக இருந்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. காலனிக்கு முந்திய காடு ஒரு சொர்க்கம் என்று எழுதுவது சுலபம், ஆனால் உண்மையில்லை.

நிலத்தின் மேலுரிமை நிலம்பூர் கோவிலகத்துத் திருமுல்பாட்டிடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் அரசு அவரிடம் இருந்து முதுமலைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தது. காரணம் ஒரே சொல்: தேக்கு. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் வேண்டும். காடு அளக்கப்பட்டது, வெட்டப்பட்டது, திரும்ப நடப்பட்டது. வெட்டிய மரத்தை இழுக்க யானை வேண்டும். தெப்பக்காட்டு யானை முகாம் 1910 அளவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். காட்டு யானையைக் குழியில் பிடித்து, மரக்கூண்டில் அடைத்து, அதைக்கொண்டே அதன் காட்டை வெட்டவைத்தார்கள். பாகனாக (அங்கே மாவுத்தன் என்பார்கள், உதவியாளுக்குக் காவடி என்று பெயர்) சேர்க்கப்பட்டவர்களில் பலர் குறும்பரும் காட்டுநாயக்கரும் இருளரும். காட்டை அறிந்தவர்களும் யானையும் ஒரே நேரத்தில் அரசாங்க ஊழியரானார்கள்.

இன்றைக்கு அந்த முகாம் யானைகள் மரம் இழுப்பதில்லை. கும்கி என்ற பெயரில், ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்பி அனுப்பப் போகின்றன. குரக்கனும் கொள்ளும் சேர்த்து உருண்டை பிடித்து ஊட்டுவதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். 1998இல் கூடலூர்ப் பக்கம் பிடிபட்ட ஒரு கொம்பன் யானை பலபேரைக் கொன்றது என்று பெயரெடுத்தது. காயங்களோடு பிடித்து, மருந்து போட்டு, முகாமில் வளர்த்தபோது அது பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் அளவுக்குச் சாதுவானது. அதற்கு வைத்த பெயர் மூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' படித்தவர்களுக்குத் தெரிந்த அந்த மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியின் பெயர்தான்.

இரண்டாவது கோடு: வேட்டை

நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரத் துரைமார் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879இல் நீலகிரி வேட்டை மிருகங்களையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டம் வந்தது. இந்தியாவின் ஆரம்பகால வனவிலங்குச் சட்டங்களில் ஒன்று இது. பெயரைக் கேட்டால் நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பாதுகாத்தது துரைமார் சுடுவதற்கான மானையும் காட்டெருமையையும். அந்தச் சட்டத்தின் பார்வையில் பசிக்குக் கண்ணி வைக்கிற பழங்குடி ஆள் திருடன், துவக்கோடு வருகிற துரை விளையாட்டு வீரன். புலியை அது பாதுகாக்கவில்லை. புலி துரையின் மானைத் தின்கிற போட்டியாளர். புலியைக் கொன்றால் அரசாங்கம் சன்மானம் கொடுத்த காலம் அது.

இங்கேயும் அதே கதைதானே. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் மரையையும் யானையையும் கணக்கில்லாமல் சுட்டவர்களின் பெயரை மலைக்கும் தெருவுக்கும் வைத்திருக்கிறோம். கோப்பித் தோட்டம், வேட்டை, பிறகு தேயிலை என்ற வரிசையும் ஒன்றுதான். 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட கோப்பி இலை நோய் வயநாட்டுக்கும் போனது. அங்கேயும் கோப்பி விழுந்தது. 1880ஐ ஒட்டிப் பந்தலூர், தேவாலா பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பனிகள் முளைத்து, சில வருஷத்திலேயே புஸ்வாணமாகப் போன கூத்தும் நடந்தது. மிஞ்சிய நிலத்தில் கடைசியில் தேயிலை வந்து உட்கார்ந்தது.

புலி பற்றி ஒரு இடைச்செருகல். எங்க தோட்டங்களில் 'புலி' என்று சொல்வது சிறுத்தையைத்தான். வரிப்புலி இலங்கையில் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. குருவிட்டைப் பக்கம் பட்டதொம்ப குகையில் கிடைத்த எலும்பு ஒன்று, ஏறக்குறைய 16,500 வருஷங்களுக்கு முன் இந்தத் தீவில் வரிப்புலி நடந்ததைக் காட்டுகிறது. பிறகு எப்படியோ அழிந்துபோனது. முதுமலையில் அழியாமல் தப்பியது.

மூன்றாவது கோடு: மின்சாரம்

பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மின்நிலையம் சிங்காராவில், அதாவது யானை வழியின் ஓரத்தில். 1952இல் மாயாறு மின்நிலையம். கட்டுமான வேலைக்குக் கேரளத்தில் இருந்தும் மைசூரில் இருந்தும் சமவெளியில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்தது, ஆட்கள் போகவில்லை. போகச் சொல்லி எவரும் கேட்கவுமில்லை. சின்னக் குடியிருப்பாக இருந்த மசினகுடி அப்படித்தான் ஊராக வளர்ந்தது. மலையின் விளிம்பில் தண்ணீர் போகும் கால்வாய்களும் ராட்சதக் குழாய்களும் யானைக்குத் தடையாயின. இருந்த வாசல் இன்னும் ஒடுங்கியது.

பின்னாளில் இதே சிங்காராவில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். யானை வழி என்ற காரணத்தைச் சொல்லி 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சு அதை மறுத்தது. அறிவியலுக்கே இடமில்லை என்று சொன்ன அதே இடத்தில், அப்போது சுற்றுலா விடுதிகள் வரிசையாகக் கட்டி முடிந்திருந்தன.

நாலாவது கோடு: பாதுகாப்பு

1940இல் முதுமலையின் ஒரு சின்னத் துண்டு, ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர், சரணாலயமாக்கப்பட்டது. 1956இல் அது 295 சதுர கிலோமீட்டராக விரிந்தது, பிறகு 321 ஆனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973இல் புலித் திட்டம் தொடங்கியபோது முதல் 9 காப்பகங்களில் பக்கத்துப் பந்திப்பூர் இருந்தது, முதுமலை இல்லை. முதுமலை புலிகள் காப்பகமானது 2007இல்தான்.

அந்த 2007ஐக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காட்டில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு உரிமை கொடுக்கும் வன உரிமைச் சட்டத்தை இந்தியப் பாராளுமன்றம் 2006 டிசம்பரில் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31இல். முதுமலையின் மையப்பகுதியை மனிதர் குடியிருக்கக்கூடாத புலி வாழிடமாக அறிவித்தது 2007 டிசம்பரின் கடைசி நாட்களில். இந்தியா முழுவதும் பல காப்பகங்களில் அந்தக் கடைசி நாட்களில் இதே அவசரம்தான். உரிமை வாசலுக்கு வருவதற்குள் கதவைச் சாத்தியமாதிரி. கூடலூரிலும் மசினகுடியிலும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

ஆனால் கதை ஒரு பக்கம் மட்டும் இல்லை. காட்டுக்குள் நெல் விதைத்த செட்டிகளில் பலர், "எங்களை வெளியே குடியேற்றுங்க" என்று தாங்களே கேட்டு நீதிமன்றம் போனவர்கள். யானை வயலை மிதிக்கிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நோய் வந்தால் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். இப்படி வாழ்கிறவர்களிடம் போய் 'காட்டோடு இயைந்த வாழ்வு' என்று நாம் கவிதை பேச முடியாது. குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்பது அப்போதைய திட்டம். கையில் நிலம் இருந்தவர்களுக்கு அது ஒரு தொடக்கமானது. கூலி வேலை செய்த பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தப் பணம் இடைத்தரகர் கையில் கரைந்ததாக முறைப்பாடுகள் வந்தன. ஒரே திட்டம்தான். எந்தப் படியில் நின்று அதை வாங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

விடுதிகள் விஷயம் தனி. சீகூரில் யானை வழியை அரசு 2010இல் அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. மூன்று மாதம் கழிய, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் துணியையோ டயரையோ வீசிய வீடியோ வெளியே வந்தது. காது எரிந்த அந்த யானை தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் செத்துப்போனது. தும்பிக்கையைத் தடவிக்கொண்டு அழுத வனத்துறை ஊழியரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எரித்தவர்கள் பழங்குடிகள் இல்லை.

சிலோன்காரங்க

இப்போது எங்க ஆட்களுக்கு வருவோம்.

1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 975,000 பேரைப் பற்றிய ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த ஒப்பந்தங்களில் போனவர்கள் நாலு இலட்சத்துக்கும் மேல்.

போனவர்களுக்குத் தெரிந்த ஒரே தொழில் தேயிலை. அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலை நடத் தொடங்கியது. 1976 அளவில் அதுவே 'டான்டீ' என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கூட்டுத்தாபனமாகியது. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, வால்பாறை என்று நாலாயிரம் ஹெக்டேயருக்கு மேல்.

எந்த நிலத்தில் நட்டார்கள்? வனத்துறையின் நிலத்தில், காட்டை வெட்டி. வெட்டியது யார்? எங்க பாட்டியின் தங்கச்சி மாதிரி, மண்டபம் முகாமில் இருந்து லொறியில் ஏற்றி வந்து இறக்கப்பட்ட ஆட்கள். இவர்களுடைய தாத்தா காலத்தில் கண்டியிலும் ஊவாவிலும் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். இவர்கள் கூடலூரில் அதையே இரண்டாம் முறை செய்தார்கள். இரண்டு தடவையும் நிலம் இவர்களுக்கு இல்லை. லயமும் இவர்களுடையதல்ல, வேலை முடிந்தால் வீட்டை விடவேண்டும். கூடலூரில் சிக்கல் இன்னும் கூட. 1969இல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும், நிலம்பூர் கோவிலக நிலங்களின் உரிமை வழக்குகள் பல பத்து வருஷம் இழுத்தன. அந்த நிலத்தில் குடிசை போட்ட சிறு ஆட்களுக்குப் பட்டாவும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. உள்ளூரில் அவர்களுக்கு இன்றைக்கும் பெயர் 'சிலோன்காரங்க'. இங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்'.

2022இல் தமிழ்நாடு அரசு டான்டீயின் இரண்டாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கும் ஆணையைப் போட்டது. தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது, ஆள் பற்றாக்குறை, காடாக விட்டால் யானைக்கும் நல்லது. காரணங்கள் பொய் இல்லை. கைவிட்ட தேயிலை மெல்ல மெல்லக் காடாவதை நானே இங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் கூடலூரில் எதிர்ப்பு எழுந்தது, அதுவும் நியாயம்தான். தொழிலாளி கேட்ட கேள்வி ஒன்றுதான்: காட்டைத் திருப்பிக் காட்டுக்குக் கொடுக்கிறீங்க, சரி. எங்களை எங்கே திருப்பிக் கொடுப்பீங்க?

ஓரத்தில் இருப்பவர்கள்

2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு புலியைத் தேடினார்கள். அதற்கு வைத்த பெயர் டி23. தேயிலைத் தோட்டத்தில், மாட்டுப் பட்டிப் பக்கத்தில் என்று அது நடமாடியது. சுட்டுக்கொல் என்று ஊர் கேட்டது. கொல்லாமல் பிடி என்று விலங்கு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு ஒக்டோபர் 15இல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். உயிரோடு பிடித்தது பெரிய விஷயம், சந்தோஷம்தான். செத்தவர்களைப் பற்றிய செய்தி இரண்டு நாளில் முடிந்துவிட்டது. புலிக்கு ஒரு எண் இருந்தது, எல்லாருக்கும் நினைவிருக்கிறது. செத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 2020இல் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மரக்கறித் தோட்டத்துக் கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்தபோது நாடே அழுதது, சரிதான். கண்ணி வைக்கிறது தப்பு. பன்றிக்கு வைத்த கண்ணி பன்றி, சிறுத்தை என்று ஆள் பார்க்காது. ஆனால் கொழுந்து எடுக்கும்போது சிறுத்தை பாய்ந்து காயப்பட்ட அக்காமாரின் செய்தி மாவட்டப் பத்தியைத் தாண்டி வந்ததா? கைப்பிடி நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போட்டுச் சீவிக்கிறவனுக்குப் பன்றியால் வரும் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்று யாராவது கேட்டோமா?

முதுமலையில் ஒரு செடி இருக்கிறது. உண்ணிச்செடி, சிங்களத்தில் கந்தபானா. பூ அழகாக இருக்கிறது என்று வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குக் காட்டுத்தரை முழுக்கப் பரவி, புல்லை மூடி, மானுக்கும் யானைக்கும் சாப்பாட்டைக் குறைக்கிறது. சாப்பாடு குறைந்த யானை எங்கே போகும்? லயத்துக் கோடிப்புறத்து வாழைக்குத்தான். கூடலூர்ப் பக்கம் பெட்டக் குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும் இந்தச் செடியை வெட்டி, வேகவைத்து, உரித்து, அதன் குச்சியால் நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். அவை கடல் கடந்து வெளிநாடுகளில் காட்சிக்குப் போயிருக்கின்றன. காட்டைக் கெடுக்கிற செடியை வெட்டுவது காட்டுக்கு வேலை, வெட்டுகிறவனுக்குக் கூலி. பெரிய தீர்வு ஒன்றும் இல்லை. ஆனால் பழங்குடி ஆளையும் யானையையும் எதிரெதிரே நிறுத்தாமல், இரண்டுபேருக்கும் பலன் வரும்படி யோசித்த ஒரு வேலை என்று இதைச் சொல்லலாம்.

114 புலி என்பது பெரிய வெற்றி. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பாதுகாப்புக் கோடு விழாமல் இருந்திருந்தால் சீகூர் முழுக்க விடுதியாகியிருக்கும், மாமா வீட்டு யானைக்கு நடக்க வழியே இருந்திருக்காது. ஆனால் நாலு கோட்டையும் திரும்பிப் பாருங்கள். மரத்துக்கு, வேட்டைக்கு, மின்சாரத்துக்கு, கடைசியாகப் புலிக்கு. ஒவ்வொரு முறையும் கோடு போட்டவர்கள் தூரத்தில் இருந்தார்கள். தள்ளப்பட்டவர்கள் கோட்டின் மேலேயே இருந்தார்கள், கையில் காகிதம் இல்லாமல். எங்க ஆட்களோ கடலுக்கு நடுவில் போட்ட ஒரு கோட்டைத் தாண்டிப் போய், இன்னொரு கோட்டின் மேல் இறக்கிவிடப்பட்டவர்கள்.

அந்த வீடியோவின் கடைசியில் யானை வாழையை முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பித் தேயிலைக்குள் இறங்கிப் போகிறது. யாரும் கல் எறியவில்லை, வெடி போடவில்லை. ஒரு பொம்பளைக் குரல் மட்டும் கேட்கிறது: "போயிட்டு வா சாமி, நாளைக்கு வராத." அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. அது பாட்டியோட தங்கச்சி குரல் என்று அவங்களுக்கு அப்புறம்தான் விளங்கியது. ஐம்பது வருஷம் அங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை.